பாத்திரம் தேய்ப்பது தியானமா?

கேள்வி: எனக்கு வயது 47. கும்பகோணம் பக்கத்தில் ஒரு சிற்றூர். மாமியார் பக்கவாதம் வந்து மூன்று வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். கோயம்புத்தூரில் இருக்கும் நாத்தனார் போன தீபாவளிக்கு ஒரு ஆன்மிகப் புத்தகம் கொடுத்தாள். அன்றாட வேலையிலேயே ஆனந்தம் இருக்கிறது, பாத்திரம் தேய்ப்பதும் தியானம்தான் என்று போகிற புத்தகம். அவள் நான்கு முறை படித்துவிட்டாளாம். வாழ்க்கையே மாறிவிட்டது என்கிறாள். நான் நாற்பதாம் பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன். அவ்வளவு எரிச்சல். எங்கள் தெருவில் சனிக்கிழமை சாயங்காலம் எட்டுப் பெண்கள் கூடிப் படிக்கிறோம். அங்கேயும் இதையே எடுத்தோம். இரண்டு பேர் கண் கலங்கினார்கள். ஒருத்தி ‘இது வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களுக்கு எழுதியது’ என்று சொல்லப்போக, சண்டை வராத குறைதான். நாத்தனாரிடம் சொன்னால், ‘அண்ணி, உங்க மனசு இன்னும் திறக்கலை’ என்கிறாள். எழுதியவர் ஒரு நாளாவது என் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்த்திருப்பாரா? இல்லை, எனக்குத்தான் ஏதாவது குறையா? காலை ஐந்து மணிக்கு, மாமியார் விழிப்பதற்கு முன்னால், கொல்லைப் படியில் உட்கார்ந்து காபி குடிக்கிற பத்து நிமிடம் தவிர எனக்கென்று ஒரு சந்தோஷமும் இல்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

குறையா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. புத்தகத்தின் பெயரையும் எழுதியிருந்தீர்கள். அதை இங்கே விட்டுவிட்டேன், ஏனென்றால் வழக்கு அந்த ஒரு புத்தகத்தின் மேல் இல்லை. இந்த ரகத்தில் கடைக்குக் கடை ஒரு அலமாரி நிறைய இருக்கிறது. பலவற்றை நானும் படித்திருக்கிறேன். தொழிலுக்காகக் கொஞ்சம், தூக்கம் வராத சில இரவுகளில் எனக்காகவும் கொஞ்சம்.

எழுதியவர் பாத்திரம் தேய்த்திருப்பாரா என்று கோபத்தில் கேட்டுவிட்டீர்கள். ஆனால் அது நல்ல கேள்வி. உங்கள் கையில் உள்ள புத்தகத்தை எழுதியவரைப் பற்றி எனக்குத் தெரியாது. இந்த யோசனையை அவருக்கு முன்னால் சொன்ன இரண்டு பேரைத் தெரியும். இரண்டு பேருமே தேய்த்தவர்கள்தான். வியட்நாம் துறவி திக் நியட் ஹான், இளம் துறவியாக ஹுயே நகரத்து மடத்தில் இருந்த நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். துறவிகள் எல்லாரும் மடத்துக்குத் திரும்பித் தங்கும் காலத்தில், சில சமயம் நூறு பேருக்கு மேல், சமையலும் பாத்திரமும் இரண்டே இரண்டு சின்னப் பையன்கள் தலையில். சோப்பு கிடையாது. சாம்பல், உமி, தேங்காய் நார். நம் பாட்டிமார் கொல்லையில் வைத்திருந்த அதே சரக்கு. அது ஒன்றும் இனிமையான வேலையாக இருக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். இன்னொருவர் சகோதரர் லாரன்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் கார்மல் சபை என்ற கிறிஸ்தவத் துறவிகளின் மடத்துச் சமையல்கட்டில் பதினைந்து வருடம் இருந்தார். அந்த வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காது என்று அவரோடு பேசியவர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள்.

சரி, அவர்கள் தேய்த்தார்கள் என்பதற்காக உங்கள் எரிச்சல் தப்பாகிவிடுமா? ஆகாது. அவர்கள் இருவரும் தாங்களே தேடிப்போய்ச் சேர்ந்த மடம் அது. உங்களைப் போல ஒரு காதைப் பக்கத்து அறையிலேயே வைத்துக்கொண்டு அவர்கள் தேய்க்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும் என்று மணி பார்த்துக்கொண்டு தேய்க்கவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. ‘நான் இப்படித் தேய்த்தேன், எனக்கு இப்படி இருந்தது’ என்பதுதான் அவர்கள் சொன்னது. இரண்டு மூன்று கை மாறி உங்கள் கைக்கு வரும்போது அது ‘நீ இப்படித் தேய்’ என்று ஏவல் வினை ஆகிவிட்டது. அனுபவமாக வந்திருந்தால் உங்களைத் தொட்டிருக்கக்கூடும். உத்தரவாக வந்ததால் எரிச்சல் மூட்டியது.

அதிலும் யார் கையிலிருந்து வந்தது? இதை நீங்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் கடந்து போயிருக்கிறீர்கள். உங்கள் நாத்தனாருக்கு, படுக்கையில் இருப்பவர் அம்மா. பெற்ற அம்மாவை அண்ணி பார்த்துக்கொள்கிறாள். மகள் தீபாவளிக்கு வந்து, ‘பார்த்துக்கொள்வதிலேயே ஆனந்தம் இருக்கிறது’ என்ற புத்தகத்தை அந்த அண்ணிக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறாள். நாற்பது பக்கம் வரை பொறுமையாகப் படித்ததே பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. (எனக்கும் நாத்தனார் உண்டு.)

அதற்காக அவளை நடிக்கிறாள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வாழ்க்கை மாறியது என்று அவள் சொல்வதை நான் நம்புகிறேன். அது எப்படி நடக்கிறது என்று மட்டும் கொஞ்சம் பார்க்கலாம். 1948இல் அமெரிக்காவில் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே குணச்சித்திரம் எழுதித் தருவதாகச் சொன்னார். தந்தது எல்லாருக்கும் ஒரே தாள். வரிகளும் பெரும்பாலும் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு, மாணவர்கள் கொடுத்த சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26. ‘எனக்காகவே எழுதியது போல இருக்கிறது’ என்று ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறோமே, அதில் இந்தக் கணக்கும் கொஞ்சம் கலந்திருக்கிறது. பொதுவான ஒரு வரியை நாம் நம் சொந்த ஞாபகங்களால் நிரப்பிக்கொள்கிறோம். நிரப்ப உங்கள் நாத்தனாரிடம் என்ன இருந்ததோ எனக்குத் தெரியாது. அம்மாவைப் பார்க்க முடியவில்லையே என்ற உறுத்தலாகவே இருக்கலாம். உறுத்தலோடு இருப்பவருக்கு ‘இந்தக் கணத்தில் இரு’ என்ற வரி எவ்வளவு பெரிய ஆறுதல், யோசித்துப் பாருங்கள். உங்களுக்கோ அந்தக் கணம்தான் பிரச்சினையே.

என் அறைக்கு வெளியே, காத்திருப்பவர்களுக்காக ஒரு சின்ன அலமாரி வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், கோடு போடலாம், திருப்பி வைத்தால் போதும். அதில் இதே வகைப் புத்தகம் ஒன்று, அட்டை கிழிந்து செலோடேப் ஒட்டியது. ஒரு பக்கத்தில், ‘எல்லாம் நன்மைக்கே’ என்ற அர்த்தம் வரும் ஒரு வரிக்குக் கீழே சிவப்பு மையில் அடிக்கோடு, இரண்டு முறை அழுத்திப் போட்டது. பக்கத்திலேயே ஓரத்தில் பென்சிலில் ‘பொய்’ என்று ஒரு சொல். ‘ய்’ மேல் புள்ளியைக் காகிதம் ஓட்டையாகிற அளவுக்குக் குத்தி வைத்திருந்தது. நான் ரொம்ப நாள் இரண்டு வாசகர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஒருவர் அந்தப் பக்கத்தைக் காட்டிச் சிரித்தார். “ரெண்டும் என் கைதான் மேடம்.” முதலில் அடிக்கோடு. ஒன்றரை வருடம் கழித்து, வீட்டில் ஒரு சாவுக்கு அப்புறம், அந்தப் ‘பொய்’. அழிக்கட்டுமா என்று கேட்டார். எதை அழிப்பது? இரண்டையும் அப்படியே விட்டிருக்கிறேன்.

ஆகவே உங்கள் வாசிப்புக் கூட்டத்தில் கண் கலங்கியவர்களை ஒரு கட்சி, எரிச்சல்பட்டவர்களை ஒரு கட்சி என்று பிரிக்காதீர்கள். அடுத்த வருடம் ஆட்கள் இடம் மாறி உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த விஷயத்தில் நானே ஒரு தப்பு செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ‘நன்றி நோட்டு’ எழுதச் சொல்வது எனக்குப் பிடித்த வைத்தியம். தினமும் படுக்கப் போகும் முன் அன்று கிடைத்த நல்லவை ஐந்தை எழுத வேண்டும். வேலை போய், மனைவி சம்பளத்தில் குடும்பம் ஓடிக்கொண்டிருந்த ஒருவரிடமும் சொன்னேன். மூன்று வாரம் கழித்து நோட்டோடு வந்தார். நாள் தவறாமல் எழுதியிருந்தார். ‘மச்சான் ஸ்கூல் ஃபீஸ் கட்டினார். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. ஹவுஸ் ஓனர் பத்து நாள் டைம் கொடுத்தார்.’ நான் கேட்ட நன்றி, அவர் கையில் கடன் கணக்காக ஆகியிருந்தது. ஒவ்வொரு ராத்திரியும் தான் யார் யாருக்கெல்லாம் பாரம் என்று எழுதிப் படித்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார். தூக்கம் எங்கே வரும்? அந்த நோட்டைத் தொடர வேண்டாம் என்று சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை இன்னும் மறக்கவில்லை. ஆராய்ச்சியிலும் இதற்குச் சாட்சி உண்டு. சோன்யா லுபோமிர்ஸ்கி என்ற உளவியல் ஆய்வாளரின் குழுவினர் அமெரிக்காவில் ஆறு வாரம் சிலரை இப்படி எழுத வைத்தார்கள். வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் இருந்தது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லை. கனடாவில் ஜோன் வுட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. ‘நான் அன்புக்குரியவன்’ என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தபோது, தன்னைப் பற்றி ஏற்கெனவே நல்ல எண்ணம் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அந்த எண்ணம் குறைவாக இருந்தவர்கள் முன்பைவிடச் சோர்ந்து போனார்கள். யாருக்கு அந்த வரி தேவை என்று நினைக்கிறோமோ அவர்களையே அது கீழே தள்ளியது.

மனம் திறக்கவில்லை என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆராய்ச்சி சொல்லி நாத்தனாரை ஜெயித்தவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை.

அதற்குப் பதிலாக ஒரு மனிதரை ஞாபகப்படுத்துகிறேன். நம்மூரில் இந்த வகைப் புத்தகத்தை ஆரம்பத்திலேயே கொண்டுவந்தவர்களில் ஒருவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. ஆம், கப்பல் ஓட்டியவர்தான். 1908இல் இரட்டை ஆயுள் தண்டனை, கோவைச் சிறையில் செக்கிழுப்பு. அந்தச் சிறைக்காலத்தில்தான் ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் சின்னப் புத்தகத்தை ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். மனம் எப்படியோ வாழ்வும் அப்படியே என்பது அதன் சாரம். பகலில் மாட்டுக்குப் பதில் செக்கில் பூட்டப்பட்ட ஒருவர் இதை மொழிபெயர்க்கிறார் என்பதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. செக்கில் பூட்டியது அவர் மனமா, வெள்ளைக்காரனா? அப்புறம் இன்னொன்று கண்ணில் பட்டது. அவர் மனத்தைப் பண்படுத்திக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. தண்டனையை எதிர்த்து மேல்முறையீடும் நடந்தது. தண்டனை குறைந்து, 1912 கடைசியில் வெளியே வந்தார். புத்தகம் ஒரு கையில், மனு ஒரு கையில்.

உங்கள் நாத்தனார் கொடுத்ததில் புத்தகம் மட்டும்தான் இருந்தது. மனுவை நீங்கள்தான் போட வேண்டும். அதை இப்படிப் போடலாம் என்று நினைக்கிறேன்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காதீர்கள், குறையும் சொல்லாதீர்கள். ஃபோனில் வேண்டாம், வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம். நேரில், முடிந்தால் உங்கள் வீட்டுக்காரரும் இருக்கும்போது சொல்லுங்கள்: “நீ கொடுத்த புத்தகத்தை என்னால் இப்போ படிக்க முடியலை. எனக்கு மாசம் ரெண்டு ஞாயிறு வேணும். அம்மாவை நீ வந்து பார்த்துக்கோ. வர முடியாத மாசம் ஒரு அட்டெண்டர் வச்சுக்கலாம், செலவு நீ கொடு.” அவ்வளவுதான். ‘உனக்கென்ன, நீ கோயம்புத்தூரில் ஜாலியாக இருக்கிறாய்’ என்று ஒரு வார்த்தை சேர்த்தால்கூடப் பேச்சு அங்கே போய்விடும், ஞாயிற்றுக்கிழமை கிடைக்காது. உங்கள் கணவரைப் பற்றி கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை என்பதையும் கவனித்தேன். ஒருவேளை அவரிடம் கேட்க வேண்டியது மாசம் இரண்டு ஞாயிறைவிட அதிகமாக இருக்கலாம்.

பேச்சுவாக்கில் ஒரு விஷயம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்காக 2007இல் வந்த சட்டம், பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் கடமை உள்ள ‘பிள்ளைகள்’ என்று மகன், மகள், பேரன், பேத்தியைத்தான் சொல்கிறது. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. யாரிடமும் சட்டம் பேசச் சொல்லி இதை எழுதவில்லை. மூன்று வருடமாக நீங்கள் செய்துவருவது எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே தெரியட்டும் என்றுதான்.

அப்புறம், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்திருக்கிறீர்களா? 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலி நிவாரணச் சிகிச்சையும் தருவது அதில் ஒரு பகுதி. உங்கள் ஊருக்கு எந்தக் கிழமை வருகிறார்கள் என்று அங்கேயே கேட்கலாம். வருகிறவரிடம் ஆளைத் திருப்பிப் படுக்க வைக்கும் முறையை ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். உங்கள் இடுப்பு தப்பிக்கும்.

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறேன். புத்தகம் பிடித்ததா என்று கேட்காதீர்கள், உடனே இரண்டு கட்சியாகிவிடும். எந்த வரியில் நின்றீர்கள், அன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேளுங்கள். வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களுக்கு எழுதியது என்று சொன்ன அந்தத் தோழியை முதலில் பேச விடுங்கள். அவர் சொன்னதில் கனம் இருக்கிறது.

இன்னொரு வாரம் புறநானூற்றின் 194ஆம் பாட்டைச் சேர்ந்து படித்துப் பாருங்கள். மொத்தமே ஏழு வரி. ஒரு வீட்டில் சாவுப் பறை, பக்கத்து வீட்டில் கல்யாண முழவு. ஒருத்தி பூச்சூடி நிற்கிறாள், இன்னொருத்தி கண்ணீர் விடுகிறாள். பாடியவர் பக்குடுக்கை நன்கணியார். கடைசியில் ‘இன்னாது அம்ம, இவ்வுலகம், இனிய காண்க, இதன் இயல்புணர்ந்தோரே’ என்கிறார். இன்றைக்கு ஒரு ஆனந்தப் புத்தகத்தின் பின்னட்டையில் ‘இனிய காண்க’ என்பதை மட்டும் அச்சடித்துவிடுவார்கள். ஆனால் அவர் அதற்கு முன்னால் இரண்டு வேலை செய்கிறார். இப்படிப் படைத்தவன் ‘பண்பிலாளன்’ என்று திட்டித் தீர்க்கிறார். உலகம் கொடியது என்று ஒத்துக்கொள்கிறார். அதற்கப்புறம்தான் இனியது. அந்தக் கடைசி வரிக்கே இரண்டு பொருள் சொல்கிறார்கள். பழைய உரைகாரர், வீட்டின்பத்துக்கு இட்டுச்செல்லும் நல்ல காரியங்களைச் செய்துகொள்ளுங்கள் என்று படிக்கிறார். இந்தக் காலத்தில் பலரும் இங்கேயே உள்ள இனியவற்றைப் பாருங்கள் என்று படிக்கிறார்கள். உங்கள் எட்டுப் பேரில் யார் எந்தப் பக்கம் என்று பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிவிட வேண்டும். எரிச்சல் வருவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எரிச்சல்கூட வராமல், எதிலும் ருசி இல்லாமல், தூக்கமும் பசியும் குறைந்து, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே போனால் அது புத்தகத்தால் ஆகிற காரியம் இல்லை. கவனித்துக்கொள்பவர்களுக்கு மனச்சோர்வு வருவது சகஜம், மருத்துவம் உண்டு. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்கு (டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்) எந்த நேரமும் காசில்லாமல் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். ‘இனி முடியாது, போய்விடலாம்’ என்ற எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கூப்பிடுங்கள்.

கொல்லைப் படியில் காபி குடிக்கிற பத்து நிமிடத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததும், ‘பார்த்தீர்களா, அதுதான் தியானம்’ என்று எழுத என் கை பரபரத்தது உண்மை. எழுதவில்லை. அதற்கும் ஒரு பேர் வைத்து, ஒரு முறை சொல்லி, இப்படி உட்காருங்கள், இப்படி மூச்சு விடுங்கள் என்று ஆரம்பித்தால் அதுவும் ஒரு வேலையாகிவிடும். உங்களுக்கு இருக்கிற வேலை போதும்.

இரண்டு ஞாயிறு கிடைத்ததா, நாத்தனார் என்ன சொன்னாள் என்று மட்டும் ஒரு கார்டு போடுங்கள். 41ஆம் பக்கத்தில் என்ன இருந்தது என்று எழுத வேண்டியதில்லை.